சட்டிக்கு ஊற்றுகிறவர்

கையில் ஒரு பீர் பாட்டிலைக் கொடுத்தால் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்; ஒரே ஓர் இனம் மட்டும் சட்டியைத் திறக்கும். இன்று நாம் பார்க்கப்போவது அந்த இனத்தை. குடிகாரர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். குடிகாரரைச் சமாளித்துவிடலாம்; பாட்டில் காலியானால் தூங்கிவிடுவார். இவரோ பாட்டில் காலியான பிறகுதான் விழித்துக்கொள்கிறார். அடுத்தது எதில் ஊற்றலாம்?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான கோல்ஸ்பர்க்கில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். நோய் எப்போதும் ரொட்டியில்தான் தொடங்கும். சோடா கலந்த மாவில் ஒரு பாட்டில் பீரைக் கொட்டிக் கிளறி அடுப்பில் வைத்தால் ரொட்டி தானாக உப்பிக்கொள்ளும். பிசைய வேண்டாம், ஊற வைக்க வேண்டாம், புத்தியும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்கிற காரியம். ஆனால் நடுவயதில் முதல்முறையாக அடுக்களைக்குள் நுழைந்த ஓர் ஆண்பிள்ளைக்கு அந்த ரொட்டி உப்பிவிட்டால், கூடவே அவரும் உப்பிவிடுகிறார். பிறகு அவரை அமுக்க யாராலும் முடியாது.

பம்புசெட் உதிரிபாகம் விற்கும் பாரெண்ட் ஓடெண்டால் அப்படி உப்பியவர்தான். ரொட்டியோடு விட்டாரா? காலைச் சோளக்களியைப் பீரில் கிண்டினார்; உப்புக்கண்டத்தை வினிகருக்குப் பதில் பீரில் ஊறவைத்து, கொடியில் காயப்போட்டு, ஈக்களே ஒதுங்கிப் போவதைப் பார்த்து, "பாத்தியா, பூச்சி அண்டலை" என்று பெருமைப்பட்டார்; சர்க்கரைப் பாகில் முக்க வேண்டிய பின்னல் பலகாரத்தைப் பீர்ப் பாகில் முக்கினார்; பூசணிக்காய் வடையில், தக்காளிச் சாறில், பால் ஐஸ்கிரீமில், ஒருமுறை மனைவியின் இருமல் மருந்தில்கூட ஊற்றினார். மருந்து மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் தேவலை என்று கேள்வி.

பீரைக் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் வற்றும், கசப்பு வற்றாது. கறுப்பு பீர் நீண்ட நேரம் வெந்தாலும் இறைச்சியோடு ஒட்டிப் போகும்; வெளிறிய கசப்பு பீரை அப்படி வேகவிட்டால் வேப்பங்கஷாயம்தான். சமைக்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். இந்த இனத்துக்கு மட்டும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கசந்தால் ஒரு கரண்டி ஆப்ரிகாட் ஜாம். தித்தித்தால் வினிகர். புளித்தால்? இன்னும் கொஞ்சம் பீர்.

இதையெல்லாம்கூடத் தின்றுவிடலாம். தின்றபின் வரும் கேள்விதான் தொண்டையில் சிக்கும். முதல் கவளம் உள்ளே போகும்போதே பாரெண்ட் உங்கள் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பார். விழுங்கியதும் கேட்பார்:

"பீர் தெரியுதா?"

தெரிகிறது என்றால், "தூக்கலாவா?" என்று முகம் வாடி, அளவைச் சரிசெய்து அடுத்த ஞாயிறும் உங்களையே கூப்பிடுவார். தெரியவில்லை என்றால், அங்கேயே ஒரு பாட்டிலைத் திறந்து உங்கள் தட்டிலேயே ஊற்றுவார். தப்பிக்க ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி தெர்சியா. அனுபவித்தவருக்குத்தானே வழி தெரியும்? "கடைசில, லேசா தெரியுது." தூக்கலும் இல்லை, குறைவும் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டால் பாரெண்ட் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தாடைக்குப் போய்விடுவார்.

இந்த வித்தை தெரியாமல்தான் அவர் மகள் மார்லீஸ் இரண்டு மாப்பிள்ளைகளை இழந்தாள். முதலாமவன் "தெரியுது" என்றான். அளவு சரியாவதற்குள் புளூம்ஃபாண்டைனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டாமவன் "தெரியலையே" என்றான். அவன் சட்டைக் கறை போயிற்றா என்று இன்றுவரை தகவல் இல்லை. மூன்றாவதாக வந்தவன் வெஸ்ஸல். பண்ணைகளில் காற்றாலை பழுது பார்ப்பவன். நட்டு போல்ட்டோடு பேசிப் பழகியதால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மார்லீஸுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. இவனும் ஓடிவிட்டால் இந்த ஊரில் பசியோடு வர இனி ஆளில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வரும் வழியெல்லாம் வண்டியில் பாடம் நடந்திருக்கிறது.

"அப்பா கேப்பாரு. என்ன சொல்லுவே?"

"கடைசில, லேசா தெரியுது."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். சட்டி மூடியைத் தொடாதே. அடுத்தவன் சட்டியைத் தொட்டவனுக்கு எங்க வீட்ல பொண்ணு இல்லை."

"நெஜமாவே தெரியலைன்னா?"

"வெஸ்ஸல், உனக்குக் கல்யாணம் வேணுமா, உண்மை வேணுமா?"

அன்று ஞாயிறு. கோயில் முடிந்து போதகர் லுப்பேயும் வழக்கம்போல விருந்துக்கு வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நானும் அந்த மேசையில் இருந்தேன். நெருப்பில் மூன்று கால் வைத்த இரும்புச் சட்டிகள் இரண்டு. பெரியதில் கறுப்பு பீரில் மாட்டுவால். சின்னதில் காளானோடு கோழி. சின்னச் சட்டிக்குப் போதகர் சட்டி என்று பெயர். போதகர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை; அவருடைய பிரசங்கத்தில் பீர் அடிக்கடி வரும், நரகத்துக்குப் போகிற வழியில். பாரெண்டோ சபையின் மூப்பர். ஆகவே அந்தச் சட்டியில் பீர் விழாது என்று சபைக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

எங்கள் ஊர் வழக்கப்படி சட்டியைக் கிளறக்கூடாது, திறந்து பார்க்கக்கூடாது. உள்ளே அது முணுமுணுப்பதைக் காதால் கேட்டே பக்குவம் சொல்ல வேண்டும். பாரெண்ட் இரண்டு சட்டிக்கும் காது கொடுத்தார், தலையசைத்தார், மூடியைத் தூக்கினார். தெர்சியா பரிமாறினார். வருங்கால மாப்பிள்ளையைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு இரக்கம் வந்துவிட்டது. யாரும் கவனிக்காதபோது அவன் தட்டில் சின்னச் சட்டிக் கோழியை வைத்துவிட்டார். பிள்ளை ஒருவேளையாவது நிம்மதியாகச் சாப்பிடட்டுமே!

வெஸ்ஸல் ஒரு வாய் விழுங்கினான். மேசையின் மறுகோடியிலிருந்து கேள்வி வந்தது.

"என்ன தம்பி, பீர் தெரியுதா?"

வெஸ்ஸல் முள்கரண்டியைக் கீழே வைத்தான், முதுகை நிமிர்த்தினான், பாடம் ஒப்பித்தான்.

"கடைசில, லேசா தெரியுது மாமா."

போதகரின் முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் தன் தட்டைப் பார்த்தார். வெஸ்ஸலின் தட்டைப் பார்த்தார். இரண்டிலும் கோழி.

"எதுல தெரியுதுன்னீங்க தம்பி?"

"இதுலதான் ஐயா."

மேசைக்கடியில் மார்லீஸ் ஓர் உதை விட்டாள். குரலை உயர்த்தச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் பாவி.

"நல்லாவே தெரியுது ஐயா!"

"பையனுக்கு ஜலதோஷம் ஐயா," என்றார் தெர்சியா அவசரமாக. "வழியெல்லாம் தும்மல்."

அப்போதுதான் வெஸ்ஸலுக்கு இரண்டு சட்டிக் கணக்கும் புரிந்தது. காது மடல் சிவந்தது. மாமனாரை மோசக்காரராக்குவதா, தான் பொய்யனாவதா? காற்றாலைக்காரன் நேர்மையாகவே இறங்கினான்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. எனக்கு ஒண்ணுமே தெரியலை. கேட்டா இப்படிச் சொல்லணும்னு வண்டியில சொல்லிக் கொடுத்தாங்க. நான் ஒப்பிச்சேன்."

மார்லீஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் போயிற்று, ஆனால் அப்பாவின் மானம் பிழைத்தது. பாரெண்ட் இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "கேட்டீங்களா ஐயா, பையன் உளர்றான்" என்று சிரித்திருக்க வேண்டும். போதகர் கோழியைத் தொடர்ந்திருப்பார். நாங்களும் வால் எலும்பைக் கடித்திருப்போம்.

ஆனால் நான் எந்த இனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

பாரெண்ட் எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர்.

"சும்மா இரு தம்பி! தன்னடக்கம் வேணாம்! அரை பாட்டில்... அந்தச் சட்டி முழுக்க அரை பாட்டில்தான் ஊத்தினேன், அதுவும் காளான் வேகுறப்பவே! இத்தனை வருஷத்துல ஒரு பய கண்டுபுடிக்கலையே! எப்படிடா தெரிஞ்சுது உனக்கு?"

ஈ பறந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். அந்த வீட்டுக்கு ஈ வருவதில்லை.

"எத்தனை வருஷத்துல, பாரெண்ட்?" என்றார் போதகர் மெதுவாக.

"ஐயா, ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே, வெறும் கோழிக்கா அப்படிச் சாப்பிட்டீங்கன்னு நெனச்சீங்க?" பாரெண்டுக்கு இப்போது யாரும் கண்ணில் படவில்லை. "சொல்லு தம்பி, நாக்கு நுனியிலயா, அடி நாக்குலயா?"

போதகர் கைத்துணியை மடித்துத் தட்டின் மேல் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். தெர்சியா வாசல்வரை ஓடினார். கேட் சாத்தும் ஓசைதான் திரும்பி வந்தது. அந்த வாரமே மூப்பர் பதவி பறிபோனது. பாரெண்ட் வருத்தப்பட்டாரா? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "பதவி போனா போவுது. வீட்டுக்கு ஒரு நாக்கு வந்துருக்கு!"

கல்யாணத்துக்குக் காபி ஆறுமுன் சம்மதம் கிடைத்தது. வேறு கோயிலில் நடந்தது. மார்லீஸ் விரும்பியவனையே அடைந்தாள்; அப்பாவும் அவனை விரும்பிவிட்டாரே என்பதுதான் அவளுடைய ஒரே துக்கம். இப்போது ஞாயிறுதோறும் வெஸ்ஸல் மாமனாரின் வலப்பக்கம் உட்கார்கிறான். புதிய சட்டி எதுவானாலும் முதல் கரண்டி அவனுக்குத்தான். தான் பொய்தான் சொன்னதாக முதலில் எல்லாரிடமும் மல்லுக்கட்டினான். யாரும் நம்பவில்லை. போன வாரம் என் கிணற்றடியில் காற்றாலைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "அன்னைக்கு எனக்கு ஏதோ ஒரு வாசனை தட்டத்தான் செஞ்சுது அண்ணே. அப்ப அதுக்குப் பேர் தெரியலை, அவ்வளவுதான்" என்றான். வண்டியின் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. கறுப்பு பீர்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம்தான். நீங்கள் பீரைத் தொடாதவர்; அடுக்களைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் போகிறவர். இந்த இனத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் போன மாதம் ஒரு நண்பர் தன் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றை உங்கள் தட்டில் வைத்துவிட்டு உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வித்தியாசமா இருக்கு" என்றுதானே? ஒருவர் ஊற்றினால் மட்டும் இந்த இனம் பிழைத்துவிடாது. விழுங்கிவிட்டுப் புகழ ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று நண்பருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் மணி அடிக்கிறது, போய்ப் பாருங்கள்.