மாங்கோட்டுவிளை இல்லப் பாடத்திட்டக் குழு

கல்விக்காகத் தியாகம் செய்தவர்களை வரலாறு அறியும். கல்வியையே தியாகம் செய்தவர்களை அது இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே, மாங்கோட்டுவிளை இல்லப் பாடத்திட்டக் குழுவின் செயலாளராக இரண்டு வருடமும் மூன்று மாதமும் உழைத்த நான் இதை எழுதுகிறேன்.

மாங்கோட்டுவிளை அப்போதைய திருவிதாங்கூர்க் கொச்சியில், பாறசாலைக்குக் கிழக்கே இரண்டு மைல். ஐம்பத்து நாலாம் வருடம் எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. எனக்கும் கிடையாது. நான் நெய்யாற்றின்கரை ரிஜிஸ்டர் கச்சேரி வாசலில் உட்கார்ந்து மலையாளத்தில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதிப் பிழைப்பவன். வயிறு மலையாளத்தில் நிறைந்துவிட்டதால், நெஞ்சு முழுவதையும் தமிழுக்கென்று ஒதுக்கிவைக்க எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் ஊர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. இரண்டாம் பாரத்தில் படித்த ஜெயபாய் என்ற பன்னிரண்டு வயதுப் பெண், ஆஜர் எடுத்தபோது "உள்ளேன் ஐயா" என்று தமிழில் சொல்லிவிட்டாள். வாத்தியார் அவளைப் பெஞ்சின்மேல் ஏற்றி மதியம் வரை நிற்கவைத்தார். அவளுடைய அம்மா தங்கபாய் பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்பவள், புருஷன் இல்லை. அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையை இறக்கிக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் ஊர் திரண்டது.

தலைமை தாங்கியவர் வக்கீல் சத்தியதாஸ். அவர் பேசினால் சாட்சிகளுக்கே தாங்கள் எதைப் பார்த்தோம் என்பது மறந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் பேசினார்.

"நம்ம பிள்ளையள் இனி அந்தப் பள்ளிக்கூடத்துப் படி சவிட்டாது! வீடே பள்ளிக்கூடம்! அம்மையே வாத்தியார்! பாடத்த நாம தீருமானிப்போம்!"

முப்பத்தோரு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றன. எல்லாம் பத்திலிருந்து பதிமூன்று வயது. முதல் ஆளாகப் பெயரை வெட்டிவிட்டு வந்தவள் தங்கபாய். அவள்தான் கூட்டத்தில் எழுந்து கேட்டாள்: "செரி சாறே. நாளைக்கு எனக்க பிள்ளை என்ன படிக்கணும்?"

இவ்வளவு பெரிய கேள்விக்கு உடனே பதில் சொல்வது பொறுப்பற்ற செயல். எனவே ஒரு குழு அமைத்தோம். தலைவர் வக்கீல். செயலாளர் நான். உறுப்பினர் சாயாக்கடை பொன்னப்பன். கூட்டத்துக்குச் சாயாவும் ரசவடையும் வேண்டுமே.

முதல் கூட்டத்தில் பெயர்ப்பலகை எழுதினோம். "இல்லக் கல்வி நிலையம்" என்று எழுதச் சொன்னோம். பெயிண்டர் ஒரு கால் கூடுதலாகப் போட்டு "இல்லாக் கல்வி நிலையம்" என்று எழுதிவிட்டான். பெயிண்ட் காய்ந்துவிட்டதால் அப்படியே மாட்டினோம். குழு செய்த காரியங்களில் உண்மையை ஒளிக்காமல் சொன்னது அந்தப் பலகை ஒன்றுதான்.

இரண்டாம் கூட்டத்தில் புத்தகத் தேர்வு தொடங்கியது. மேஜைமேல் இரண்டு கட்டுகள். ஒன்று திருவிதாங்கூர்க் கொச்சி அரசின் மலையாளப் புத்தகங்கள். மற்றது திருநெல்வேலியிலிருந்து வரவழைத்த சென்னை மாநிலத் தமிழ்ப் புத்தகங்கள். தமிழ்ப் புத்தகம்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சந்தேகம் இல்லாத விஷயத்தை ஆராயாமல் விட்டால் குழு எதற்கு?

பொன்னப்பன் பூகோளப் புத்தகத்தை விரித்து வரைபடத்தை மூக்கால் தேடினான். "சாறே, இதில நம்ம ஊரு இல்லியே."

"எப்படி இருக்கும்? நாமதான் இன்னும் சேரல்லியே."

"அப்பம் மத்த புத்தகத்தில?"

"அதில உண்டு. ஆனா அதில இருக்கது நமக்கு அவமானமாக்கும்."

"அப்பம் நாம எங்கதான் இருக்கோம்?"

"இனிமேத்தான் இருப்போம்" என்றார் வக்கீல். நான் அதைக் கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட் புத்தகத்தில் பதிவு செய்தேன். ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை பூகோளம் ஒத்திவைக்கப்பட்டது.

மூன்று கூட்டங்கள் கணக்குப் பாடத்துக்குப் போயின. மலையாளப் புத்தகத்தில் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று இருந்தது. தமிழ்ப் புத்தகத்திலும் ஐம்பத்தாறு.

"எதிரி சொல்லுத அதே விடையை நாமளும் சொன்னா நமக்குள்ள தனித்தன்மை என்னவாகும்?" என்று வக்கீல் கவலைப்பட்டார்.

"வேற விடை போட ஒக்குமா சாறே?" என்று பொன்னப்பன் கேட்டான்.

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, ஐம்பத்தாறைத் "தற்காலிகமாக" ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று.

விஞ்ஞானம் அதைவிடக் கடினம். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்று ஒரு பாடம். நெய்யாறு கிழக்கேயிருந்து மேற்கே, மலையாளப் பக்கமாக ஓடுகிறது. "நம்ம வெள்ளம் அங்கோட்டு ஓடுதுண்ணு நம்ம பிள்ளையளுக்கு நாமளே சொல்லிக் குடுக்கதா?" என்று வக்கீல் மேஜையைத் தட்டினார். ஆறும் நிறுத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையில் சனிக்கிழமைதோறும் சந்தை முடிந்து தங்கபாய் வந்து வாசலில் நிற்பாள். கூடை இடுப்பில் இருக்கும். வாரத்துக்கு வாரம் கேள்வி மாறாது.

"இந்த ஆழ்ச்சை எனக்க பிள்ளை என்ன படிக்கணும் சாறே?"

"குழு ஆலோசிச்சிட்டு இருக்கு தங்கபாயி."

"ஏதாம் ஒரு புத்தகம் தாருங்க. ஆலோசிச்சு முடியதுவரை அது வாசிக்கட்டும்."

"தேர்ந்தெடுக்காத புத்தகத்தக் குடுத்தா, பிள்ளை தப்பாப் படிச்சுப் போடுமே. அதுக்குப் பொறவு அதை அழிக்க முடியுமா?"

புத்தகங்கள் அலமாரியில் பூட்டியிருந்தன. சாவி வக்கீல் கையில். வக்கீல் கோர்ட்டில். "தாய்மார் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது" என்று நான் எழுதிவைத்தேன்.

ஜெயபாய் மட்டும் தினமும் என் வீட்டுக்கு வருவாள். காரணம் உண்டு. மலையாள ஆதாரம் எழுதி எழுதி என் தமிழ்க் கையெழுத்து உருண்டு திரண்டு ஜிலேபிபோல ஆகிவிட்டது. மினிட் புத்தகத்துக்கு நல்ல நகல் தேவைப்பட்டது. சின்ன வகுப்புகளில் தமிழ் படித்திருந்த அவள் கையெழுத்தோ முத்துமுத்தாக இருக்கும். பிள்ளை சும்மாதானே இருக்கிறது என்று நகல் எடுக்கும் பணியைக் கொடுத்தேன்.

ஒருநாள் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, அலமாரியில இருக்க தமிழ்ப் புத்தகத்த ஒருக்கா பாக்கட்டா? தொடமாட்டேன். நீங்க பிடிச்சாப் போதும், நான் வாசிக்கேன்."

"அது பரிசீலனையில இருக்கு மக்கா."

"எப்பம் தீரும்?"

"பெரியவிய நாங்க பாத்துக்கிடுவோம். நீ எழுது."

அவள் எழுதினாள். "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்றும், "ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது" என்றும் இரண்டு வருடம் எழுதினாள். வேறு எதையும் எழுத நாங்கள் விடவில்லை.

ஐம்பத்தஞ்சாம் வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை தங்கபாய் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டாள். அந்த வாரம் அக்காளைப் பார்க்கத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வாசலில், கழுத்தில் டையும் காலில் பூட்ஸுமாக வக்கீலுடைய மகனைப் பார்த்திருக்கிறாள்.

"அவன் அங்க படிக்கானா சாறே?"

வக்கீல் பதறவில்லை. "படிக்கதுக்கு அனுப்பல்லை தங்கபாயி. எதிரியளுக்க பாடத்திட்டம் எப்படி இருக்குண்ணு உள்ளுக்கு இருந்து கவனிச்சு வரதுக்கு அனுப்பினதாக்கும்."

"அப்பம் எனக்க பிள்ளையும் கவனிக்கட்டு. திங்களாச்சை கொண்டு விடுதேன்."

"அது துரோகம்!"

"அவன் போனா கவனிப்பு, இவ போனா துரோகமா? செக்ரட்டரி அண்ணே, உங்களுக்க மகன் எங்க?"

என் மகன் பாலராமபுரத்தில் என் மைத்துனன் வீட்டில் தங்கி, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் இரண்டாம் பாரம் ஜெயித்து மூன்றாம் பாரம் போயிருந்தான். அதுவும் ஒருவகைக் கவனிப்புதான். ஆனால் அதை விளக்க அன்றைக்கு எனக்குச் சளி, தொண்டை கட்டியிருந்தது.

பொன்னப்பன் சாயா கிளாஸை மேஜைமேல் வைத்தான். அவனுடைய பிள்ளைகள் மூன்றும் அந்த நேரத்தில் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தன. "எனக்கு ஆரும் இப்படி ஒரு வழி உண்டுண்ணு சொல்லல்லியே சாறே" என்றான். அடுத்த கூட்டத்திலிருந்து அவன் வரவில்லை. ரசவடையும் வரவில்லை. குழுவுக்கு ஏற்பட்ட முதல் பேரிழப்பு அது.

தங்கபாய் திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். வழியில் நாலு பேர் மறித்தார்கள். "காட்டிக் குடுக்கப் போறியா?" என்றார்கள். சந்தையில் அவள் கிழங்கை யாரும் வாங்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களை அனுப்பியது யார் என்பது மினிட் புத்தகத்தில் இல்லை. அவள் திரும்பினாள். அன்று மாலை வழக்கம்போல ஜெயபாய் நகல் எடுக்க வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை; குழு அலுவலில் சொந்த விஷயங்களைக் கலப்பது முறையல்ல.

ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி எல்லை முடிவாயிற்று. தெற்கே நாலு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் ஊர் போகவில்லை. கேரளத்தின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. வக்கீல் மட்டும் போனார். எல்லைக்கு அந்தப் புறம் குழித்துறையில் வீடு பிடித்து, அந்தக் கோர்ட்டில் வழக்காடத் தொடங்கினார். அங்கே அவருக்குக் "கல்வித் தியாகி" என்று சால்வை போர்த்தினார்கள். அலமாரிச் சாவியையும் கையோடு கொண்டுபோய்விட்டார். பூட்டை உடைத்துப் பார்த்தபோது புத்தகங்களைக் கரையான் முழுமையாகப் "பரிசீலித்து" முடித்திருந்தது.

எல்லை முடிவான மறுநாளே தங்கபாய் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இந்த முறை மறிக்க ஆள் இல்லை. ஜெயபாய்க்குப் பதினாலு வயது நிறைந்திருந்தது. நர்ஸ் ஆக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. என்னையும் சாட்சிக்கு அழைத்துப்போனார்கள். பழைய வாத்தியார் மாற்றலாகிப் போயிருந்தார். புதிய தலைமையாசிரியர் கிருஷ்ணன்குட்டி சாது மனிதர்.

"ரெண்டு கொல்லம் வீட்டிலாணோ படிச்சது? நல்லது. ஆனா படிச்சதுக்கு ஒரு ரேகை வேணமே" என்றார்.

கொல்லம் என்றால் வருடம், ரேகை என்றால் அத்தாட்சி. நான் குழுவின் முத்திரையோடு ஒரு சான்றிதழ் தயாராக வைத்திருந்தேன்: "மேற்படி மாணவி, எமது குழு இறுதி செய்யவிருந்த பாடத்திட்டத்தின்படி கற்கத் தகுதியுடையவராக இருந்தார்." அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஜெயபாயிடம் ஒரு தாளை நீட்டினார்.

"மோளே, பேடிக்கண்டா, பயப்படண்டா. பசுவைப் பத்தி ஒரு பக்கம் எழுது. தமிழில எழுதினா மதி. எனிக்குத் தமிழ் வாயிக்கான் அறியாம்."

ஜெயபாய் குனிந்து எழுதினாள். தயக்கமே இல்லை. தங்கபாய் மகளுடைய கை ஓடும் வேகத்தைப் பார்த்து என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "பாத்தியளா அண்ணே, பிள்ளை மறக்கல்லை" என்றாள்.

கிருஷ்ணன்குட்டி தாளை வாங்கி உரக்க வாசித்தார்.

"பசு என்னும் பொருள்மீது உறுப்பினர்கள் தத்தம் கருத்தைத் தெரிவித்தனர். அதற்கு நான்கு கால்கள் என்று ஒரு தரப்பினர் கூறினர். இது குறித்து மேலும் ஆராய உபகுழு அமைக்கப்படுகிறது. பால் பற்றிய பொருள் நேரமின்மையால் எடுத்துக்கொள்ளப்படவில்லை. தலைவருக்கு நன்றி கூறிக் கூட்டம் இனிதே நிறைவுற்றது."

முதல் வரியில் அவர் சிரித்தார். கடைசி வரியில் சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவளை ஆராணு படிப்பிச்சது?"

ஜெயபாய்க்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. "எழுத்து செரியில்லியா சாறே? வேணும்னா திருப்பி எழுதுதேன்" என்றாள்.

அவளை முதல் பாரத்தில் சேர்த்தார்கள். அவள் தோளுக்குக்கூட எட்டாத பிள்ளைகளுக்கு நடுவில், கால் மடக்க இடமில்லாத பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மற்ற முப்பது பேரில் பதினோரு பேர்தான் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் நெசவுக்கும் கல் உடைக்கவும் போய்விட்டார்கள்.

இவ்வளவு பிள்ளைகளுடைய இரண்டு வருடம் வீணானதற்கு யார் பொறுப்பு என்று ஊரில் பேச்சு எழுந்தது. ஊர் சும்மா இருக்குமா? உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு நடத்தி அனுபவமுள்ளவன் என்பதால் என்னையே செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆறு மாதம் விசாரித்து ஒரு அறிக்கை தயாரித்தேன். மிக நடுநிலையான அறிக்கை. காலம், சூழ்நிலை, மழை, கரையான் எல்லாவற்றையும் குறிப்பிட்டிருந்தேன். கடைசியில் "இதற்குப் பொறுப்பானவர்கள்:" என்று எழுதி, அவசரப்பட்டு யாரையும் புண்படுத்த வேண்டாமே என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். நல்ல நகல் எடுக்க ஜெயபாய்க்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலையில் நகல் வந்தது. முத்துமுத்தான கையெழுத்து. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. காலி இடமும் இல்லை. முதல் பெயர் ஞானசிகாமணி, செயலாளர். இரண்டாவதுதான் வக்கீல் சத்தியதாஸ். இரண்டிலும் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.