பிரேக் அமுக்க ஓர் ஆள்

காரைக்குடியில் இன்னொரு மனிதரின் தயவே இல்லாமல் வாழ்ந்துவிட முடியும் என்று நம்பிய ஒரே ஆள் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். தலைமுடியை அவரே வெட்டிக்கொள்வார்; பின்னாலிருந்து பார்த்தால் அது தெரியும். ஒருமுறை ஆடுகிறது என்று ஒரு கடைவாய்ப் பல்லை அவரே குறடு போட்டுப் பிடுங்கினார். உண்மையில் ஆடியது பக்கத்துப் பல் என்று பிறகு தெரிந்ததும், சோர்ந்து போகாமல் அதையும் பிடுங்கினார்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லி அழைப்பதில்லை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் ஒரு ஸ்பேனர் செருகியிருப்பார். ஒரு முனை பன்னிரண்டாம் நம்பர் நட்டுக்கு, மறு முனை பதிமூன்றுக்கு. அதனால் அவர் பன்னெண்டு-பதிமூணு பாய். செக்காலை ரோட்டில் எந்த ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னாலும், வழி கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்ட கையோடு திரும்பியும் பறந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்றால் பாய் வந்து ஆட்டோவின் எஞ்சினைத் திறந்துவிடுவார் என்ற பயம்.

நான் கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கிற வழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை. ஆகையால் பாய்க்கு எதிர்வீட்டில் குடியிருக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

பாய் ஷார்ஜாவில் ஒரு மீன் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பியதும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். முதலும் கடைசியுமாக அதை ஒரு பட்டறையில் விட்டார். போகும்போது இல்லாத ஒரு கடகடச் சத்தம் திரும்பி வரும்போது இருந்தது. அன்றோடு சரி. "இனி எவன் கையும் என் வண்டியில படாது" என்று தெருவில் நின்று அறிவித்துவிட்டு, ஃபோனில் வீடியோ பார்த்து வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கினார். பிரேசிலிலோ எங்கோ இருக்கிற ஒரு தடியர், கார்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டே என்னவோ பேசுவார். பாய்க்கு ஒரு வார்த்தை புரியாது.

"பாஷை எதுக்கு சார்? அங்குட்டும் நட்டு நட்டுதான், இங்குட்டும் நட்டு நட்டுதான்" என்பார்.

ஒவ்வொரு முறை காரைக் கழற்றி மாட்டிய பிறகும் தரையில் நாலைந்து போல்ட் மிஞ்சிக் கிடக்கும். "கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டு ஜாஸ்தியாப் போட்டு வச்சிருக்கான் சார். நாமதான் பாத்துக் கழிக்கணும்." மிஞ்சியதை அவர் மனைவி பாயம்மா வீணாக்க மாட்டார். ஜன்னல் திரையின் ஓரத்தில் உள்ளே வைத்துத் தைத்துவிடுவார். புயலே அடித்தாலும் அந்த வீட்டில் திரை அசையாது.

புதுவயல் அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிப் போன லாரி ஒன்று ஒருநாள் எங்கள் தெருமுனையில் நின்றது. டிரைவரைக் காணோம். பாய்க்கு மனசு கேட்கவில்லை. டிரைவர் திரும்பி வந்தபோது எஞ்சினில் பாதி, சாக்கு விரித்து அதன் மேல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது.

"ஐயையோ! என்ன பாய் செய்றீக?" என்று அலறினார் டிரைவர்.

"பதறாதீக தம்பி. என்ன ரிப்பேருன்னு கிட்டத்தட்ட கண்டுபிடிச்சிட்டேன்."

"ரிப்பேரா? டீ குடிக்கத்தான நிப்பாட்டிட்டுப் போனேன்!"

அந்த லாரி நகர்வதற்குள் மழைக்காலம் வந்து, மூட்டையில் நெல் முளைத்து, தெருமுனை நாற்றங்கால் ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மாடு வந்து மேய்ந்தது.

எனக்கு நடந்தது இதைவிட மோசம். என் கார் ஹாரனின் குரல் கம்மியிருப்பதை வீட்டுக்குள்ளிருந்தே கேட்டுவிட்டு, நான் குளிக்கப் போன நேரத்தில் வந்து சரிசெய்து வைத்துவிட்டார். மறுநாள் நேமத்தான்பட்டியில் ஒரு துக்க வீடு. என்னோடு வேலை பார்த்தவரின் அப்பா தவறிவிட்டார். அந்த அகலமான தெருவில் குறுக்கே வந்த ஓர் ஆட்டுக்காக ஹாரனைத் தொட்டேன். ஆடு போய்விட்டது, ஹாரன் நிற்கவில்லை. வண்டியை அணைத்தேன், நிற்கவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன், அப்போதும் நிற்கவில்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். ஓர் ஆச்சி காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "யாரப்பா அது? அமுக்குனது போதும்ப்பா. போனவுக எந்திரிச்சு வந்துரப் போறாக."

பானெட்டைத் திறந்து கைக்கு அகப்பட்ட வயரையெல்லாம் பிய்த்துப் போட்டேன். கரி அப்பிய கையோடு மாலை போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்தேன். நடந்ததைச் சொன்னபோது பாய் முகம் மலர்ந்தது. "சத்தம் கணீர்னு இருந்துச்சுல்ல?" என்று கேட்டார்.

இப்படி எல்லாவற்றையும் தனியாளாகவே கெடுத்துவந்தவருக்கு, ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. பிரேக் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றுகிற வேலை. ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அங்கிருக்கும் திருகைத் திறக்க வேண்டும். இன்னொருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். திருகை மூடுவதற்கு முன் காலை எடுத்தால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் போதும், பாய் இந்த வேலையில் இறங்கிவிடுவார். வாரா வாரம் திறந்ததால்தான் காற்று புகுந்தது என்பது என் கட்சி. அமுக்குகிற ஆள் பாயம்மா. குள்ளமான மனுஷி. சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு உட்காருவார்.

"அமுக்கு!"

"அமுக்கியாச்சு!"

"புடி! விட்றாத!"

"புடிச்சுத்தான் இருக்கேன்!"

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வங்கி அதிகாரி முதல் ஞாயிறே வியர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கு ஓடி வந்தார். "சார், அந்த வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து யாரையோ கொல்றாங்க" என்றார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்து விளக்கினேன்.

மற்ற நாட்களில் அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. பாய் ஃபோனும் பிரேசிலுமாக இருப்பார். பாயம்மா அடுப்பங்கரையில் இருப்பார். ஞாயிறு காலையில்தான் பாய் வசமாக மாட்டுவார். காருக்கு அடியில் படுத்திருக்கிறவர் எழுந்து போக முடியாது. பாயம்மா காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு நிதானமாக ஆரம்பிப்பார்.

"உங்க தங்கச்சி மக நிக்காஹ்வுக்கு எப்பக் கெளம்புறோம்?"

"இப்பவா கேப்பாக இத? காலப் புடி புள்ள!"

"புடிச்சிருக்கேன். பதிலச் சொல்லுங்க. இல்லாட்டி எடுத்துருவேன்."

"எடுத்துராத, எடுத்துராத! போவோம், வெள்ளிக்கிழமையே போவோம்!"

அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் வந்தது இப்படித்தான். கிணற்றுக்கு மோட்டார் வந்ததும், மகனுக்குப் பெண் முடிவானதும்கூட அந்த பிரேக்கில் வைத்துத்தான். தெருவே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். சிரிக்கத் தெரியாத என்னையே அந்த மனுஷி ஞாயிறுதோறும் சிரிக்க வைத்தார்.

போன மழைக்காலத்தில் பாயம்மா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தூறலில் பள்ளிவாசல் வரை நாங்களும் பின்னால் நடந்தோம். பாய் அழவில்லை. அடக்கம் முடிந்து வீடு வந்தவர் நேரே பானெட்டைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்று பார்த்தார். தெருவில் சிலர் அதைத் தப்பாகப் பேசினார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சக்தியில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன்பிறகு ஞாயிறுகள் வாயடைத்துப் போயின. காரின் பிரேக் நாளுக்கு நாள் இறங்கி, அமுக்கினால் தரையைத் தொடுகிற நிலைக்கு வந்தது. பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். "எவன் கையும் படாது" என்றார். முதல் கியரிலேயே, ஹாரனை அடித்துக்கொண்டு, ஊர்வலம் போகிற மாதிரி செக்காலை ரோட்டில் போய்வந்தார். ஒருநாள் கார் நிற்காமல் போய்க் கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் மோதியது. பழங்கள் ரோடெல்லாம் உருண்டன. தள்ளுவண்டிக்கார அம்மாள் திட்டவில்லை. "கொய்யாவாப் போச்சு பாய். பள்ளிக்கூடப் புள்ளையா இருந்தா என்ன செய்வீக?" என்று மட்டும் கேட்டார். பாய் குனிந்து கடைசிப் பழம் வரை பொறுக்கிக் கொடுத்தார்.

அன்றே காரை வீட்டில் நிறுத்தி, சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார். பிரேக் சரியாகிற வரை தரக்கூடாது என்று கட்டளை. பிறகு தனியாளாகச் சரிசெய்யப் பார்த்தார். பிரேக் மேல் அம்மிக்கல்லை வைத்தார். கல்லுக்கு இறங்கத்தான் தெரிந்தது; சொன்னபோது எழும்பி, மறுபடி இறங்கத் தெரியவில்லை. அரிசி மூட்டையை வைத்தார். சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்தார். அது நழுவிக் கண்ணாடியை உடைத்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் படுத்த வாக்கில் "அமுக்கு!" என்று குரல் கொடுப்பார். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சீட்டுப் பக்கம் நடப்பார்.

ஷார்ஜாவில் இருக்கிற மகன் தினமும் கூப்பிட்டுப் பேசினான். "வண்டிய வித்துட்டு இங்குட்டு வந்துருங்க அத்தா. தனியாக் கெடந்து என்ன செய்வீக?" பாய்க்கும் அது மனதில் விழுந்துவிட்டது. ஆனால் பிரேக் இல்லாத வண்டியை இன்னொருவன் தலையில் கட்ட அவர் சம்மதிக்கவில்லை. பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, விற்றுவிட்டு, ரம்ஜான் முடிந்து மகன் வந்து கூப்பிடும்போது கிளம்புவதாக முடிவானது. அதற்காக மகன் ஆன்லைனில் ஒரு கருவி வாங்கி அனுப்பினான். ஒரே ஆள், யாருடைய உதவியும் இல்லாமல், பிரேக்கில் இருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிற கருவி. பாய்க்காகவே செய்த மாதிரி இருந்தது.

அது வந்த ஞாயிறு காலையில் பாய் என் வாசலில் நின்றார். எத்தனையோ வருஷத்தில் என்னிடம் எதுவும் கேட்டு வந்தவரில்லை.

"சார், கொஞ்சம் வாரீகளா? காலு மட்டும் போதும்."

"மெஷின் வந்துச்சே பாய்? வேலை செய்யலியா?"

"நல்லா செய்யுது சார். ஒரு வீலு பாத்தேன். சத்தமே இல்ல, பேச்சே இல்ல. முடிஞ்சிருச்சு." சட்டைப் பை ஸ்பேனரைத் தடவிக்கொண்டார். "அடுத்த வீலுக்குப் போக மனசு வரல."

போனேன். சீட்டு இன்னும் முன்னால்தான் இழுத்தபடி இருந்தது. தலையணையும் இருந்தது. அதைத் தள்ளிவைக்க அவரும் சொல்லவில்லை, எனக்கும் கை வரவில்லை. முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து அமுக்கினேன். அடியிலிருந்து குரல் வந்தது.

"எதாச்சும் பேசுங்க சார்."

வெயில் ஏறிவிட்டது என்றேன். மிச்சத்தை அவரே பேசினார்.

"எடுத்துருவேன் எடுத்துருவேன்னு மெரட்டுவா சார். ஒரு நாளும் எடுத்ததில்ல."

கால் மரத்துப் போனது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"சார், நான் ஷார்ஜா போகணுமா?"

தன் வாழ்நாளில் அவர் இன்னொரு மனிதரிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். போனால் அங்கே மகன் இருக்கிறான், பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே இருந்தால் எதிர்வீட்டில் ஒரு சிடுமூஞ்சிதான் இருக்கிறது. நியாயமான பதில் எதுவென்று எனக்குத் தெரியும்.

"முதல்ல பிரேக்க முடிப்போம் பாய்" என்றேன்.

வேலை இன்னும் முடியவில்லை. ஞாயிறுதோறும் போகிறேன். கடைசிச் சக்கரத்துக்கு வரும்போது, அவர் திருகை மூடுவதற்குச் சற்று முன், நான் காலை எடுத்துவிடுகிறேன். காற்று உள்ளே போய்விடுகிறது. "என்ன சார் காலு இது! மறுபடி மொதல்லருந்து பாக்கணும்!" என்று அடியிலிருந்து கத்துகிறார். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரம்ஜான் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மகன் வந்து நிற்கிற அன்றும் அந்த பிரேக்கில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும் என்று, வேண்டிக்கொள்ளும் பழக்கமே இல்லாத நான், தினமும் வேண்டிக்கொள்கிறேன்.