முதல் திருநீறு யார் பூசுவது: கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு

சங்கரன்கோவில்,
கார்த்திகை 9.

புளியங்குடி சம்பந்தியம்மாள் முத்துத்தாய் அவர்களுக்கு, கோமதித்தாய் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் முழங்காலும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் வாயும் சுகமாயிருக்க கோமதியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

நிற்க. தை மாதம் நம் பேத்தி ராஜேஸ்வரிக்குக் கல்யாணம். மணமக்களுக்கு முதல் திருநீறு பூசுவது வயதில் மூத்த ஆச்சியின் உரிமை. பெண்ணின் அப்பாவைப் பெற்ற நான் உட்கார்ந்திருக்க, அம்மாவைப் பெற்ற நீங்கள் நிச்சயதார்த்தப் பந்தியில் ரசம் ஊற்றும் நேரம் பார்த்து, "நாந்தான் மூத்தவ, கோமதி எனக்கு எளையவ, வேணும்னா ஆதார் கார்டப் பாருங்க" என்று அறுபது பேர் முன்னால் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு அப்பளம்கூட இறங்கவில்லை. உங்கள் ஆதாரில் 1948 எப்படி வந்தது என்று எனக்கா தெரியாது? முதியோர் பென்ஷனுக்காக மூன்று வயதைக் கூட்டிச் சொன்னவர் நீங்கள். கூட்டின வயசு கூடவே ஒட்டிக்கிட்டு, இப்போ திருநீறும் கேட்குது.

மனுஷி சொன்னால் இந்தக் காலத்தில் எவனும் நம்புவதில்லை, கம்ப்யூட்டர் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பைத் திரும்பத் தொடங்கினேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் கடையநல்லூர்ப் பெண் ரசீதா விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் பாஷையைச் சொல்லிக் கொடுக்கிறாள். திரையில் பெட்டியை இழுத்து வைக்க வேண்டும், பட்டனை இழுத்து வைக்க வேண்டும், பட்டனை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுத வேண்டும். முதல் நாள் கூட்டல். ஒரு பெட்டியில் 5, இன்னொன்றில் 3, அமுக்கினால் 53 என்கிறது!

"ஏட்டி, நான் மூணாங் கிளாஸு, இது அதுகூடத் தாண்டலையே?"

"ஆச்சி, ரெண்டும் நம்பருன்னு நீங்க சொல்லலைல்லா? எழுத்துன்னு நெனச்சுப் பக்கத்துல பக்கத்துல நிறுத்திட்டுது."

"எங்க வீட்டு மருமகளுவ ரெண்டு பேரும் அப்படித்தான் நிக்காளுவ, கூட்டுத்தொகை வரல" என்றேன். அதில் ஒருத்தி உங்கள் மகள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வயதுக் கணக்கு. இந்த வருஷத்திலிருந்து பிறந்த வருஷத்தைக் கழிக்க வேண்டும். நான் பெட்டியில் "விரோதி வருஷம் ஆடி" என்று அடித்தேன். கோபித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

"ஆச்சி, இதுக்கு நம்பருதான் புரியும். விரோதியத் தெரியாது."

"அப்போ எங்க சம்பந்தி கூட இது இன்னும் பழகலைன்னு சொல்லு."

ரசீதா போனில் தேடி, என் விரோதி ஆடி 1949 என்றும், உங்கள் விகிருதி தை 1951 என்றும் சொன்னாள். ஆக, இனி "நீங்கள்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ பிறந்தது விகிருதி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கரிவலம்வந்தநல்லூரில் எங்களுக்கு எதிர் வீடு உங்கள் வீடு. நீ பிறந்ததற்கு உன் அம்மை தெருவுக்கே கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். என் அண்ணனுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. எனக்கு அப்போது வயது ஒன்றரை. மறப்பேனா?

பட்டனை அமுக்கினேன். எனக்கு 76, உனக்கு 74. "கோமதித்தாயே மூத்தவள்" என்று திரையில் வந்தது. அந்த வாசகத்தை எழுதி வைத்ததும் நான்தான், இருந்தாலும் கம்ப்யூட்டர் சொன்னதுதானே? பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டவும்.

மூத்தவள் என்ற முறையில் ஆசீர்வாதம். நூறு வயது இரு. அப்போதும் எனக்கு நூற்றிரண்டு.

கோமதித்தாய்

பி.கு.: உறையை ஒட்டும்போது ராஜேஸ்வரி போன் செய்தாள். "ஆச்சி, மொத திருநீறு பூசுத ஆச்சி கூலிங் கிளாஸ் போட்டு, செண்டை மேளத்துக்கு வாசல்லேருந்து மேடை வரைக்கும் ஆடிக்கிட்டே வரணுமாம். வீடியோக்காரர் சொல்லிட்டாரு. நாலு நாளு பிராக்டிஸு. நீங்கதான மூத்தவுக?" என்றாள். உடனே மாடியேறி மறுபடி பார்த்தேன். உங்கள் வருஷத்தை என் பெட்டியிலும் என் வருஷத்தை உங்கள் பெட்டியிலும் போட்டுவிட்டேன், மாறிப்போச்சு. படிப்பில்லாதவள் செய்த தப்பு. ஆதார் சர்க்கார் கொடுத்தது, பொய் சொல்லுமா? லேமினேஷனை உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். முத்துத்தாய் அக்கா, தாங்கள் முன்னால் ஆடி வாருங்கள், பின்னால் நான் திருநீற்றுத் தட்டோடு நடந்து வருகிறேன். கண்ணாடி உங்கள் முக அளவுக்கே எடுக்கச் சொல்லிவிட்டேன்.