உள்ளூர் இணையத்தை ஆதரித்தவர்

கண்டியின் கடைசிச் சுதந்திரப் போர், கட்டுகஸ்தோட்டையில், ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர் நவரட்ணராஜா அவர்களின் வீட்டில் மூண்டதை வரலாறு இன்னும் பதிவுசெய்யவில்லை. வரலாற்றுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

வீட்டில் இணையம் அறுந்து பல நாளாகியிருந்தது. கொழும்புப் பெருங்கம்பனியின் உதவி இலக்கத்தை அழைத்தார். தமிழுக்கென்று ஓர் எண்ணை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். "உங்கள் அழைப்பு எமக்கு மிக முக்கியம்" என்றது ஒரு பெண்குரல். அத்தனை முக்கியமான அழைப்பை எடுக்க அங்கே ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவர் ஏசினார். குரல் நன்றி சொல்லிவிட்டு இசை போட்டது. நாற்பது வருட நிர்வாகத்தில் அவருடைய ஏச்சு இப்படி வீணானதே இல்லை.

"இனி உள்ளூர்தான்," என்று மனைவி பத்மாதேவியிடம் பிரகடனம் செய்தார். "மண்ணின்ர முயற்சியை நாங்கள் ஆதரிக்காட்டி ஆர் ஆதரிக்கிறது?"

"ஆதரியுங்கோ. மெல்பேர்னில இருந்து மகள் கதைக்கேக்க அவளின்ர முகம் தெரிஞ்சாச் சரி."

அக்குறணையில் சின்னதொரு கடையிலிருந்து இணைய இணைப்புக் கொடுத்துவந்த ஷப்ராஸ், தானே ஏணியோடு வந்து வயர் இழுத்தான். போகும்போது, "ஏதும் பிரச்சினை எண்டா எடுங்க சேர்," என்று தன் கைபேசி இலக்கத்தைக் கொடுத்தான். மனிதன் செய்கிற தவறுகளில் இதுவும் ஒன்று.

அன்றிலிருந்து நவரட்ணராஜா மண்ணின் முயற்சியை இடைவிடாது ஆதரித்தார். படம் சுழன்றால் ஆதரித்தார். மின்சாரம் நின்றாலும் ஆதரித்தார். ஒருநாள் ஷப்ராஸ் கேட்டான்: "லைன் நல்லாத்தானே ஈக்கி சேர், ஏன் எடுத்தீங்க?"

"சும்மா. எடுக்கிறீரோ எண்டு பாத்தனான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் மதனி தனக்குப் பிறந்த குழந்தையை முதன்முதலாகக் காட்டினாள். துணி விலகி, நெற்றி தெரிந்த கணத்தில் திரை உறைந்தது. பத்மாதேவி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நவரட்ணராஜா கைபேசியை எடுத்தார்.

கொட்டும் மழையில் ஷப்ராஸ் வந்தான். புதுச் சேர்ட், அத்தர் வாசம். தங்கச்சியின் கலியாண வீட்டிலிருந்து வந்திருந்தான்.

"வயர்ல கொரங்கு தொங்கீக்கி சேர்."

"குரங்குக்குப் பொறுப்பில்லை. உமக்குமா இல்லை?"

அவன் ஏணியில் ஏறினான். குழந்தையின் முகம் வந்தது. பத்மாதேவி அழுதாள். நவரட்ணராஜா திரையை நோக்கி, "பார் பிள்ளை, இதுதான் உள்ளூர்ச் சேவை. ஏசினால் ஆள் வரும்," என்றார் பெருமிதத்தோடு. நனைந்த சேர்ட்டோடு நின்றவனுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமென்பது பத்மாதேவிக்குத்தான் தோன்றியது. அவள் குசினிக்குள் இருந்து வருவதற்குள் அவன் போய்விட்டான்.

அடுத்த மாதம் ஷப்ராஸ் படியேறி வந்து, கடையை மூடுவதாகச் சொன்னான். கொழும்புப் பெருங்கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

நவரட்ணராஜா கதிரையில் சாய்ந்துவிட்டார். உடம்பில் ஒரு பாகம் கழன்றதுபோல இருந்தது.

"நான் இவ்வளவு ஆதரிச்சும் போறீரோ? சம்பளம் கூடவோ?"

"சம்பளம் கொறவுதான் சேர்," என்றான் ஷப்ராஸ். அவன் முகத்தில் அப்படியொரு அமைதியை அவர் அன்றுதான் கண்டார். "ஆனா, அங்க ஈக்கிறவங்கள உங்களால கூப்பிடேலா."