ஸ்டிக்கரை உரிக்கும் தகப்பன்மார்

எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கண்டால் கை அரிக்கிற ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இவர்களைக் குறைவாக எடை போட்டுவிடாதீர்கள். புதுச் சட்டை வாங்கினால் காலருக்குள் தைத்திருக்கும் துணுக்கைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, வெந்நீரில் நனைக்கக் கூடாது என்று வீட்டாருக்கு வகுப்பெடுப்பார்கள். செல்போனோடு ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை மூன்று வருஷமானாலும் உரிக்க மாட்டார்கள். ஆனால் குழந்தைக்கு வாங்கிய சாமானை மட்டும் வீட்டுக்குள் வந்த அன்றே, ஸ்டிக்கரில் எண்ணெய் தடவி, ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, பசை தெரியாமல் துடைத்து, பிறந்த மேனியாக நிறுத்தினால்தான் இவர்களுக்குச் சோறு இறங்கும். ஏனாம்? பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு லிஃப்ட் கம்பெனியில் உத்தியோகம். 'ஆறு பேருக்கு மேல் ஏறாதீர்' என்று ஊரெல்லாம் ஒட்டவைப்பவர் அவர்தான். மகள் பிறந்ததும் ஒரு சாய்வு நாற்காலி வாங்கினார். குழந்தை காலை உதைத்தால் தானாகக் குலுங்கும் வகை. 'தரையில் மட்டும் வைக்கவும்' என்று அதில் ஒட்டியிருந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"நாளைக்குக் கேஸ் வரக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் ஒட்டறதும்மா. நமக்கில்ல."

உரித்தார். மகள் வளர்ந்ததும் நாற்காலி அவர் தங்கை வீட்டுக்குப் போனது. அவள் போனில் கேட்டாள்: "அண்ணா, இத சமையல் மேடை மேல வச்சுக்கலாமா? வேலை செய்யும்போது பையன் கண்ணெதிர்ல இருப்பான்."

"தாராளமா வை. நானே ஏறி உட்காரலாம், அவ்வளவு கெட்டி."

வைத்தாள். ஐந்து மாதப் பயல் உற்சாகமாக உதைத்தான். உதைக்கு ஒரு விரற்கடை வீதம் நாற்காலி நகர்ந்தது. பாத்திரம் எடுக்க அவள் திரும்பிய நேரத்தில் சரிந்தது. பாய்ந்தவள் கையில் நாற்காலியின் ஒரு கம்பிதான் சிக்கியது. வாரில் கட்டிய பிள்ளை தலைகீழாகத் தொங்கி வீறிட்டான். தரைக்கும் தலைக்கும் ஒரு சாண்கூட இல்லை.

சாயங்காலம் அண்ணன் ஓடிவந்தார். நாற்காலியை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"குழந்தைங்க சாமான், மேல வைக்காதேன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கானா பாரு. பொறுப்பில்லாத பசங்க."

"எழுதியிருந்தானாம். நீதான் உரிச்சியாம். அண்ணி சொன்னாங்க."

"அது பார்க்க நல்லா இல்லம்மா," என்றார் அண்ணன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும், உங்கள் வீட்டுக் குழந்தை இப்போது எதில் உட்கார்ந்திருக்கிறதோ, அதில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். யோசிக்க வேண்டுமா? நிதானமாக யோசிக்கலாம். முதலில் பிள்ளையைக் கீழே இறக்குங்கள்.