எனக்கு ஒரு சின்னக் கேள்வி

கேள்வி கேட்பவர் இருவகைப்படுவர். விடை தெரியாமல் கேட்பவர் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விடையைக் கையோடு கொண்டுவந்து, அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே என்பதற்காகக் கேட்பவர் மற்றொரு வகை. இவர்கள் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளில் செழித்து வளர்பவர்கள்; ஆவணப்படம் திரையிட்டு, முடிந்ததும் இயக்குநரோடு உரையாடலாம் என்று எங்கு அறிவித்தாலும் தவறாமல் காணக்கிடைப்பவர்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மந்தைவெளி அனந்தராமன் இவ்வினத்தில் தலையாயவர். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அபிராமபுரத்துத் திரைப்படச் சங்கத்தில் மூன்றாம் வரிசையின் ஓரத்து நாற்காலி அவருடையது; மைக் முதலில் அங்கேதான் வரும். விளக்கு எரிந்ததும், கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, "எனக்கு ஒரு சின்னக் கேள்வி" என்பார். அது சின்னதாகவும் இராது, கேள்வியாகவும் இராது. வேத காலத்தில் புறப்பட்டு, பிரெஞ்சுப் புரட்சியில் சற்று இளைப்பாறி, தாம் கான்பூர்க் கிளையில் பணியாற்றிய நாட்களை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று வந்து சேரும். எதைப் பற்றி? அதை இயக்குநர்தாம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

படமா? படத்தை அவர் பார்ப்பதில்லை. இருட்டில் கண்ணை மூடிக் கேள்வியை ஒத்திகை பார்ப்பார். படம் பார்த்தால் கேள்வி கலைந்துவிடும் அல்லவா?

அந்தச் சனிக்கிழமை மட்டும் அவருக்குச் சற்றே படபடப்பு. மனைவி ஹம்சா முதன்முறையாக உடன் வந்திருந்தார். "அங்க போய் அப்படி என்னதான் பண்றேள்னு பார்த்துடறேன்" என்று அம்மையாரே கிளம்பிவிட்டார். வீட்டில் அனந்தராமன் முன்னுரையைத் தாண்டுவதற்குள் குக்கர் கூவிவிடும். அம்மையார் எழுந்து போய்விடுவார். இத்தனை ஆண்டுகளில் ஒரு வாக்கியத்தைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை. இன்று, ஒரு சபையே தம் பேச்சில் கட்டுண்டு கிடப்பதை அவர் கண்ணாரக் காணப்போகிறார்!

பாலாற்று மணலைப் பற்றிய படம் என்பது அறிவிப்பு. "நதியைத் தாயென்று வணங்கிய மரபு" என்று தொடங்கும் கேள்வியை அவர் வாரம் முழுவதும் செதுக்கியிருந்தார். ஆனால் பாலாற்றுப் படச்சுருள் வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக, திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் வாடகை அறைகளில் தனியாக வாழும் ஆண்களைப் பற்றி வஜீஹா என்னும் இளம்பெண் எடுத்த முதல் படம் காட்டப்படும் என்று செயலாளர் கிச்சா மேடையில் அறிவித்தபோது, அனந்தராமன் எங்கே இருந்தார்? வராந்தாவில், காப்பியும் கையுமாகச் சிக்கிய ஒருவருக்குக் கான்பூரை விளக்கிக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்த பிறகே உள்ளே வந்து, அமர்ந்து, கண்ணை மூடினார். மேன்ஷன் குழாயடியில் வாளி நிரம்பும் ஓசை காதில் விழுந்தது. ஆறு ஓடத் தொடங்கிவிட்டது என்று நிறைவடைந்தார்.

படம் முடிந்தது. மைக் வந்தது.

"எனக்கு ஒரு சின்னக் கேள்வி."

"மாமா, கொஞ்சம் சுருக்கமா. ஹாலைப் பூட்டணும்" என்று கிச்சா கெஞ்சினார்.

சிந்து நதியில் புறப்பட்டவர், கங்கையில் மூழ்கி எழுந்து, பாலாற்றங்கரையை அடைந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று. படத்தில் தம்மைப் பார்க்க வந்திருந்த மேன்ஷன் காவலாளி முனியன் அவர்.

"இன்னா நைனா, நம்ம மேன்ஷன் படம்தானே ஓடிச்சு? இதுல ஆறு எங்க கீது?"

சபை சிரித்தது. வஜீஹா தயக்கத்தோடு, "சார், என் படத்துல ஆறே இல்லையே!" என்றார்.

மற்றவராயிருந்தால் நாற்காலிக்கு அடியில் புகுந்திருப்பார். அனந்தராமனால் அது முடியுமா? மனைவி பக்கத்தில் இருக்கிறாரே! மைக்கை இறுகப் பற்றிக்கொண்டார்.

"அதைத்தான் கேட்கிறேன். ஏன் இல்லை?"

கைதட்டல்! முதல் வரிசையில் ஒருவர், "ஆழமான பார்வை" என்று முணுமுணுத்தார். வஜீஹாவும், "அப்படி நான் நினைச்சே பார்க்கலை சார்" என்றார். கிச்சா நன்றி சொல்லிச் சாவியை எடுத்தார். அன்றைய உரையாடல் அத்துடன் நிறைவுற்றது.

வெற்றிப் புன்னகையோடு அனந்தராமன் திரும்பினார். மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது. அம்மையார் மேடையருகே வஜீஹாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எங்க அண்ணா அந்த மாதிரி ரூம்லதான்மா ரொம்ப வருஷம் இருந்தான். சௌக்கியமா இருக்கேன்னுதான் எப்பவும் சொல்வான். எப்படி இருந்தான்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்."

வஜீஹா அந்தக் கையை விடவே இல்லை.

வீடு நோக்கி நடக்கும்போது அனந்தராமன் மெல்லக் கேட்டார்: "எப்படி இருந்தது?"

"ரொம்ப நன்னா இருந்தது. மனசை என்னவோ பண்ணிடுத்து."

"படத்தைக் கேக்கலை. நான் பேசினது."

அம்மையார் நின்றார், உண்மையாகவே வியந்தார். "பேசினேளா? எப்போ? நான் அண்ணாவையே நெனச்சுண்டு உக்காந்திருந்துட்டேன், ஒண்ணும் காதுல விழலை. என்ன கேட்டேள்?"

அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? தெருவிளக்கின் கீழ் நின்று, வேட்டியைச் சரிசெய்து, சிந்து நதியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், படித்து வரும்போது பாலாற்றைப் பற்றியோ கான்பூரைப் பற்றியோ உங்களுக்கும் சொல்வதற்கு ஏதோ ஒன்று தோன்றியதா? அதை ஒரு கேள்வியாக்கிச் சபையில் வைத்தால் என்ன என்று நாக்கு துறுதுறுத்ததா? அப்படியாயின், முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கடைசிவரை கேட்டாரென்றால், பிறகு சபைக்கு வாருங்கள்.