அண்ணன் கண்ணா, மச்சான் கண்ணா?

அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரை வூட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வர்றது. ரெண்டு பேரும் கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க.

எண்பதுகளோட கடைசி அது. அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஒரு நாள் வாசல்ல வந்து நின்ன வெள்ளை மாட்டைப் பார்த்து, "வாங்க ஃபாதர், உக்காருங்க"ன்னு எழுந்து நின்னு கும்பிட்டார். மாடு உக்காரலை.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனா எங்க கெணத்துக்குச் சுத்துச்சுவரு கிடையாது. அந்த மேட்டுல அவர் தடவித் தடவி நடக்கறதைப் பார்த்தா ஓடிப் போய்க் கையைப் பிடிச்சுக்குவேன்.

ஆபரேஷன்னு பேச்செடுத்தா பிடி கொடுக்க மாட்டார்.

"ஏண்டா, மாடு வாங்கினாக்கூட பல்லைப் பார்த்து, ஏர்ல கட்டி ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கறோம். கண்ணை மட்டும் பாக்காமயே வாங்கச் சொல்றியா? பண்ணவங்களக் கூட்டியா, ஓட்டிப் பாக்கறேன்."

அப்படி வந்தவங்கதான் இவங்க. லூர்து பெரியப்பா, அப்பாவோட அண்ணன். இலவசக் கண் முகாம்ல பண்ணிக்கிட்ட பழைய மாதிரி ஆபரேஷன். புரையை எடுத்துட்டு, சோடா பாட்டில் அடி மாதிரி கண்ணாடி கொடுத்திருந்தாங்க. இன்னொருத்தர் சின்னப்பன் மாமா, அம்மாவோட தம்பி. பெங்களூருல கண்ணுக்குள்ளயே லென்ஸ் வெச்ச புது ஆபரேஷன்.

நான் மாமா கட்சி. தர்மபுரியில பேண்ட் போட்டு வேலை பாக்கறவன் புதுசுக்குத்தானே ஓட்டுப் போடணும்.

மாமா வாசல்ல நின்னபடியே ரோட்டுல வந்த பஸ் போர்டைப் படிச்சார். "அரூர் வண்டி வருது."

நான் பெருமையா அப்பாவைப் பார்த்தேன்.

"பஸ்ஸு வூட்டுக்குள்ளயா வரப்போவுது"ன்னார் அப்பா.

பந்தியில உக்கார வெச்சேன். பெரியப்பா ரசம் குடிச்சுட்டு, டம்ளரைக் கீழ வைக்கறதா நெனச்சு அந்தரத்துலயே விட்டார். எதிர்ல குந்திப் பரிமாறிட்டிருந்த என் புது பேண்ட் முழுக்க மீதி ரசம்.

"இந்தக் கண்ணாடியில எல்லாம் கிட்ட வந்து நிக்கும்டா"ன்னார், சாவகாசமா.

தொடை எரிஞ்சாலும் எனக்கு உள்ளூர சந்தோஷம். "பாத்தீங்களாப்பா, பழைய ஆபரேஷன் லட்சணம்?"

சொல்லி வாயை மூடலை, மாமா பொரியல்ல கிடந்த முழுப் பச்சை மிளகாயை பீன்ஸுன்னு நெனச்சு மென்னுட்டார். ஒரு சொம்புத் தண்ணி குடிச்சப்புறம்தான் பேச்சு வந்துச்சு.

"கிட்டத்துல பாக்க ஒரு கண்ணாடி குடுத்தாங்க மாப்ள. அதையும் மாட்டிக்கிட்டா பெங்களூரு போய்ட்டு வந்ததுக்கு என்ன மரியாதை? பொட்டியிலயே வெச்சுட்டேன்."

அப்போ பெரியப்பா ஒரு கறித்துண்டைத் தூக்கிப் பிடிச்சார். "எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. எல்லாம் பெருசு பெருசாத் தெரியும்."

அப்பா மெல்லறதை நிறுத்தினார். "கறியுமா?"

"கறிதாண்டா மொதல்ல."

அவ்வளவுதான். "எனக்கு அண்ணன் கண்ணே போதும்"னு தீர்ப்பு சொல்லிட்டார். நான் எவ்வளவோ பேசினேன். ரசம் காயாத பேண்ட்டோட நிக்கறவன் பேச்சை யாரு கேட்பாங்க? அடுப்பங்கரையில இருந்து அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

முகாம்ல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. கண்ணாடி வந்தன்னைக்கு அப்பா கெணத்து மேட்டுல தடவாம நடந்து போய், தனியாவே திரும்பி வந்தார். எனக்கு அழுகை வந்துருச்சு. பழசாவது புதுசாவது, போங்கன்னு விட்டுட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வூட்ல கறி. அப்பா கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்தார். அம்மா இலையில ரெண்டு துண்டை வெச்சுட்டு நகர்ந்துட்டாங்க.

"என்ன, ரெண்டோட நிறுத்திட்ட?"

"உங்களுக்குத்தான் பெருசாத் தெரியுதே. அது போதும், சாப்பிடுங்க."

ரெண்டு ஆபரேஷனையும் சரியா ஒப்பிட்டுப் பார்த்தது எங்க வூட்ல அம்மா ஒருத்தங்கதான்.